ஆறிய புண்ணும் ஆறாத நோவும்

போரிலே பட்ட புண்ணுக்கு ஒரு காலவெல்லை உண்டு. தசை கூடுகின்றது, என்பு பொருந்துகின்றது, தோலின்மேல் வடு ஏறுகின்றது. அதன்பின் நோவும் நீங்கிவிடும் என்பதே மருத்துவரின் எதிர்பார்ப்பு; நோயாளியின் எதிர்பார்ப்பும் அதுவே. ஆயினும் வடு வெளிறி முப்பது நாற்பது ஆண்டுகள் சென்ற பின்னரும், முதுகிலும் கழுத்திலும் மூட்டுக்களிலும் நோவு குடிகொண்டிருப்பக் கண்டு வாடும் முன்னாட் படைவீரர் பலர் உளர். அவருட் சிலருக்குச் சொல்லத்தக்க காயம் எதுவும் பட்டதுமில்லை.

இத்தகையோரை நோக்கி மருத்துவவுலகம் நெடுங்காலமாக இரண்டு வினாக்களையே விடுத்து வந்தது. "புண் எங்கே?" என்பது முதல் வினா. புண் காணப்படாதவிடத்து, "நீ பொய் சொல்லுகிறாயா?" என்பது இரண்டாவது. "உனக்கு நேர்ந்தது யாது? அப்போது நீ உணர்ந்ததை எவரிடமேனும் சொன்னதுண்டா?" என்னும் மூன்றாவது வினா, போர்தோறும் எழுந்தும் போர் முடிந்ததும் மறக்கப்பட்டும் வந்துள்ளது. இம்மறதி தற்செயலானதன்று. நோவுக்கும் மனவெழுச்சிக்கும் தொடர்புண்டு என்று மருத்துவர் கூறியபோதெல்லாம், படை அதிகாரிகளும் உபகாரச் சம்பளம் வழங்குவோரும் அதனை "நோவு இல்லை" என்று பொருள்கொண்டனர். படைவீரரும் அவ்வாறே பொருள்கொண்டு, தம் மானத்துக்கு இழுக்கு நேர்ந்ததெனக் கருதி வாய்மூடினர். மனவெழுச்சியோடு தொடர்புடைய நோவும் மெய்யான நோவே என்னும் எளிய உண்மையை மருத்துவம் ஏற்றுக்கொள்வதற்கு ஒன்றரை நூற்றாண்டு சென்றது.

இவ்வரலாற்றை ஐக்கிய அமெரிக்காவின் உள்நாட்டுப் போரிலிருந்து (1861–1865) தொடங்குதல் பொருத்தமாகும். அப்போரிற் பயன்பட்ட ஈயக் குண்டுகள் கைகால்களைச் சிதைத்து நரம்புகளைக் கிழித்தன. நரம்பிற் காயமுற்றோரைத் தனியே வைத்துப் பேணுதற்குப் பிலடெல்பியா நகரில் ரேணர்ஸ் லேன் மருத்துவமனை ஒதுக்கப்பட்டது. அங்கே சைலஸ் வெயர் மிச்செல், ஜோர்ஜ் மோர்ஹவுஸ், வில்லியம் கீன் என்னும் மருத்துவர் மூவரும் கண்டவற்றை 1864ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டனர். நரம்புக் காயத்தின் பின் தோன்றும் எரிநோவைப் பற்றி அந்நூல் கூறுவன இன்றும் படிப்போர் நெஞ்சை உருக்குவன. எரிவு தாங்கமாட்டாத வீரர்கள் கையை எந்நேரமும் ஈரத்துணியாற் சுற்றிவைத்தனர். சிலர் சப்பாத்துக்குள்ளே நீர் வார்த்துக்கொண்டு நடந்தனர். பக்கத்திலுள்ளவர் பத்திரிகையைப் புரட்டும் சலசலப்பும், கூடத்திலே ஒருவர் நடந்து செல்லும் அதிர்வும் அவர்களுடைய நோவை மிகுவித்தன. இந்நோவுக்குக் "கோசல்ஜியா" என்று மிச்செல் பின்னர்ப் பெயரிட்டார். வெட்டி நீக்கப்பட்ட கையும் காலும் இன்னும் இருப்பனபோலத் தோன்றி வருத்தும் மாயவுறுப்பு நோவை விரிவாக எடுத்துரைத்தவரும் அவரே. அதனை அவர் முதலில் ஒரு கற்பனைக் கதையாகவே 1866ஆம் ஆண்டில் தம் பெயர் குறியாது வெளியிட்டார். ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதியிருந்தால் நம்புவோர் இலர் என்று அஞ்சினார் போலும்.

மிச்செல் கூர்ந்து நோக்கும் இயல்பினர். நோவு நீடித்தவழி வீரருடைய குணமே மாறுகின்றது, முகத்தில் ஏக்கம் படர்கின்றது, அஞ்சாத நெஞ்சினரும் சிறு ஒலிக்கு நடுங்குகின்றனர் என்பவற்றை அவர் குறித்துள்ளார். ஆனால் நோவினால் மனம் மாறுகின்றது என்று கண்ட அவர், மனத்தினால் நோவு மாறக்கூடுமா என்று ஆராய முற்படவில்லை. அதே மருத்துவர் மூவரும் அதே 1864ஆம் ஆண்டிலேயே நோய்ப் பாசாங்கு செய்யும் படையினரைக் கண்டுபிடிக்கும் வழிகளைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிட்டனர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ஈதர் மயக்கத்தில் ஆழ்த்தி, மயக்கந் தெளியும் வேளையிலே முடங்கிய கை அசைகின்றதா என்று பார்ப்பது அவ்வழிகளுள் ஒன்று. ஒரு கட்டிலில் உள்ளவனுடைய எரிநோவைத் தணிக்க மோபியா ஊசி. மறு கட்டிலில் உள்ளவனைச் சோதிக்க ஈதர். மேலே கூறிய முதலிரண்டு வினாக்களும் ஒரே கூரையின்கீழ்ப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் எனலாம்.

அம்மருத்துவமனையிற் பணியாற்றிய யாக்கோப் டா கொஸ்ரா என்பவர் வேறொரு கூட்டத்தாரைக் கண்டார். நெஞ்சு படபடப்பு, நெஞ்சு நோவு, மூச்சிளைப்பு ஆகியவற்றால் வருந்திய முந்நூறு வீரரை ஆராய்ந்து 1871ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. அவருட் பலருடைய இதயத்திற் கேடு எதுவும் காணப்படவில்லை. காய்ச்சல், வயிற்றோட்டம், கடும் படைச்சேவை ஆகியன காரணமாகலாம் என்று அவர் கருதினார். அச்சமும் துயரும் அவருடைய காரணப் பட்டியலில் உரிய இடம் பெறவில்லை.

முதலாம் உலகப்போரிலே மூன்றாவது வினா முதன்முறையாகத் தெளிவாய் ஒலித்தது. பீரங்கிக் குண்டுகளின் இடையறாத முழக்கத்தினிடையே பதுங்குகுழிகளிற் கிடந்த வீரருட் பலர் பேச்சிழந்தனர், கண்ணொளியிழந்தனர், கைகால் முடங்கினர், தீராத தலைநோவுற்றனர். 1915ஆம் ஆண்டில் சாள்ஸ் மயேர்ஸ் என்னும் உளவியலறிஞர் இந்நிலைக்குக் "குண்டதிர்ச்சி" என்னும் பெயரை மருத்துவ இதழொன்றிலே வழங்கினார். குண்டு வெடித்த இடத்துக்கு அருகிலேனும் செல்லாதவர்க்கும் இந்நோய் உண்டாயிற்று என்பது விரைவிற் புலனாயிற்று. புண்ணைத் தேடும் மருத்துவம் இங்கே திகைத்து நின்றது.

திகைப்பிலிருந்து இரு வழிகள் பிரிந்தன. இலண்டன் குயின் சதுக்க மருத்துவமனையிலே லூயிஸ் யெலாண்ட் என்பவர் மின்னோட்டத்தைக் கையாண்டார். பேச்சிழந்த வீரனை அறையில் இருத்தி, கதவைப் பூட்டி, குரல் வரும்வரை வெளியே செல்லவியலாது என்று சொல்லி, தொண்டையில் மின்சாரம் பாய்ச்சுவார். குரல் வந்தது, அதனை மறுப்பதற்கில்லை. 1918ஆம் ஆண்டில் தம் வெற்றிகளைத் தொகுத்து நூலும் வெளியிட்டார். ஆனால் அந்த வீரன் பேசத் தொடங்கிய பின்னர் என்ன சொல்ல விரும்பினான் என்று அவர் கேட்டதாக அந்நூலிற் காண்டல் அரிது.

மற்றை வழியை வகுத்தவர் டபிள்யூ. எச். ஆர். றிவர்ஸ். இவரைப்பற்றிச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும். 1898ஆம் ஆண்டிலே தோறஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற கேம்பிறிட்ச் ஆராய்ச்சிக் குழுவில் இவரும் மயேர்சும் இடம்பெற்றனர். அக்குழுவினரான செலிக்மன் என்பவரே பின்னர் இலங்கைக்கு வந்து வேடரைப் பற்றி ஆராய்ந்து 1911ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டவர். றிவர்ஸ் நீலகிரிக்குச் சென்று தோடரை ஆராய்ந்து 1906ஆம் ஆண்டில் எழுதிய நூலைத் தமிழறிஞர் பலர் அறிவர். அவர் நோவையும் நேரே ஆராய்ந்தவர். 1903ஆம் ஆண்டில் ஹென்றி ஹெட் என்னும் நரம்பியல் மருத்துவர் தம் முன்கையின் நரம்பைத் தாமே விரும்பி வெட்டுவித்துக்கொண்டார். அது மீண்டும் வளர்ந்து உணர்வு திரும்பும் முறையை நான்காண்டுகளுக்கு மேலாகச் சோதித்துக் குறித்தவர் றிவர்ஸ். பிறர் நாட்டாருடைய வாழ்க்கையைப் பொறுமையோடு கேட்டறிந்த செவியும், ஊசிமுனையளவு நோவையும் அளந்தறிந்த கண்ணும் ஒருங்கே வாய்த்த ஒருவர் படைவீரரிடம் வந்து சேர்ந்தமை மருத்துவ வரலாற்றின் நற்பேறாகும்.

1916, 1917ஆம் ஆண்டுகளில் எடின்பரோ நகரை அடுத்த கிறெய்க்லொக்காட் மருத்துவமனையிலே றிவர்ஸ் பணியாற்றினார். அங்கு வந்த படை அதிகாரிகளிடம் அதுவரை யாவரும் சொல்லிவந்த புத்திமதி ஒன்றே: நடந்ததை மறந்துவிடு, இனிய பொருள்களையே நினை, மனத்தை வேறு திசையிற் செலுத்து. 1917ஆம் ஆண்டின் இறுதியில் றிவர்ஸ் வாசித்து அடுத்த ஆண்டில் அச்சேறிய உரையொன்று இப்புத்திமதியை அடியோடு மறுத்தது. பகலெல்லாம் முயன்று அமுக்கி வைத்த நினைவே இரவிற் கொடுங்கனவாகவும் உடல்நோயாகவும் எழுகின்றது. அந்நினைவை அஞ்சாது எதிர்கொண்டு, பேசி, அதன் கசப்பை ஏற்றுக்கொள்ளும்போது நோய் தணிகின்றது என்று அவர் காட்டினார்.

அவர் கூறும் நிகழ்ச்சியொன்று இது. ஓர் அதிகாரி தம் நண்பரைத் தேடிச்சென்று, குண்டினாற் சிதறிய அவர் உடலைக் கண்டார். அன்றுமுதல் அக்காட்சி கனவில் வந்து வெருட்டிற்று. மறக்க முயலுந்தோறும் அச்சம் பெருகிற்று. றிவர்ஸ் அவரை அந்நினைவினின்றும் விலக்கவில்லை. அதனருகே அழைத்துச் சென்றார். உடல் அவ்வாறு சிதைந்தமையே நண்பர் நோவறியாது கணத்தில் உயிர்நீத்தார் என்பதற்குச் சான்றன்றோ என்று எடுத்துக்காட்டினார். அதிகாரியின் முகம் தெளிந்தது. சில நாட்களின்பின் அக்கனவு மீண்டும் வந்தது. ஆனால் இம்முறை அவர் நண்பரின் உடலருகே முழந்தாளிட்டு, உறவினர்க்குச் சேர்ப்பித்தற்குரிய உடைமைகளை அன்போடு அகற்றினார். விழித்தபோது நெஞ்சில் இருந்தது துக்கம், அச்சமன்று. அச்சமாக உறைந்து கிடந்தது துக்கமாக உருகிற்று. துக்கத்துக்கு முடிவுண்டு.

றிவர்ஸ் தம் தோல்வியையும் மறைத்தாரல்லர். மற்றோர் அதிகாரி குண்டு வெடிப்பிலே தூக்கியெறியப்பட்டுப் பல நாட்சென்ற பிணத்தின்மேல் முகம்பட வீழ்ந்தவர். அந்நினைவிலே பற்றிக்கொள்ளத்தக்க நல்ல கூறு ஒன்றும் றிவர்சுக்குப் புலப்படவில்லை. அவ்வதிகாரி படையை விட்டு நாட்டுப்புற அமைதியை நாடிச் சென்றார். பேசுவித்தல் எல்லார்க்கும் ஏற்ற மருந்தன்று என்பதற்கு இஃது அக்காலத்திலேயே எழுதிவைக்கப்பட்ட சான்றாகும்.

போர் முடிந்தது. 1922ஆம் ஆண்டில் வெளியான பிரித்தானிய அரசாங்க விசாரணைக் குழுவின் அறிக்கை குண்டதிர்ச்சி என்னும் சொல்லையே கைவிடும்படி கூறிற்று. றிவர்சும் அவ்வாண்டிலேயே காலமானார். உபகாரச் சம்பளம் கோரி நின்ற வீரரை நோக்கிப் பழைய இரண்டாம் வினா மீண்டும் கேட்கப்பட்டது. எனினும் அமெரிக்காவில் ஏப்பிரகாம் கார்டினர் என்னும் உளமருத்துவர், 1922 முதல் 1925 வரை நியூயோர்க்கில் முன்னாட் படைவீரர் மருத்துவமனையிலே கண்டவற்றைத் தொகுத்து 1941ஆம் ஆண்டில் நூலாக்கினார். போர் ஓய்ந்து ஆண்டுகள் பல சென்றும் இவ்வீரருடைய உடல் இன்னும் போர்முனையில் நிற்பதுபோலவே காவல் காக்கின்றது என்பது அவர் கண்ட உண்மை. பிற்காலத்து நோவாராய்ச்சி வந்து சேரவேண்டிய இடத்தை அவர் முன்னரே தொட்டுவிட்டார். ஆனால் நூல் வெளிவந்த வேளையில் உலகம் மற்றொரு போரில் மூழ்கியிருந்தது.

இரண்டாம் உலகப்போரில் இத்தாலியப் போர்முனையிலே ஹென்றி பீச்சர் என்னும் ஹாவாட் பல்கலைக்கழக மயக்கமருந்து நிபுணர் புதுமையொன்றைக் கண்டார். அன்சியோ முதலிய களங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் என்பு முறிந்தும் வயிறு கிழிந்தும் கிடந்தனர். நோவுக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டபோது பெரும்பாலார் வேண்டா என்றனர். அவர்கள் அதிர்ச்சியால் உணர்விழந்தவர்களல்லர். ஊசி சரியாகக் குத்தப்படாவிட்டால் மற்றவர்களைப் போலவே முறையிட்டனர். 1946ஆம் ஆண்டில் இதனை வெளியிட்ட பீச்சர், பின்னர் சத்திரசிகிச்சை பெற்ற பொதுமக்கள் 150 பேரைப் படைவீரர் 150 பேருடன் ஒப்பிட்டு 1956ஆம் ஆண்டில் எழுதினார். நோநீக்கி மருந்து வேண்டியோர் படைவீரருள் நூற்றுக்கு 32. பொதுமக்களுள் நூற்றுக்கு 83. பொதுமக்களுடைய காயமோ சிறியது. படைவீரனுக்குப் புண் என்பது போர்க்களத்திலிருந்து உயிரோடு வீடு திரும்புதற்குக் கிடைத்த சீட்டு. பொதுமகனுக்கு அது வாழ்வைக் குலைக்கும் இடையூறு என்று பீச்சர் விளக்கினார்.

காயத்தின் அளவன்று, காயத்தின் பொருளே நோவை நிர்ணயிக்கின்றது என்னும் இக்கருத்துத் தமிழ் மாணவர்க்கு முற்றும் புதியதன்று. மார்பிற் பட்டதை விழுப்புண் என்றும் முதுகிற் பட்டதைப் புறப்புண் என்றும் பிரித்தவர் பழந்தமிழர். வெண்ணிப் போரிலே கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன் புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர்நீத்தான் என்பது வரலாறு. அவனைக் கொன்றது வேலின் முனை மாத்திரமன்று.

பீச்சர் கண்டதன் மறுபக்கத்தை அக்காலத்தில் எண்ணியோர் சிலரே. பெருங்காயம் நோவின்றி இருத்தல் கூடுமாயின், காயமின்றிப் பெருநோவு இருத்தலும் கூடுமன்றோ? களத்தில் நோவறியாது கிடந்த வீரனே வீடு திரும்பிப் பத்தாண்டுகளின் பின் முதுகுநோவால் எழமாட்டாது கிடப்பதற்கு இதுவே விளக்கமாகலாம். வீட்டில் அவனுக்குப் புண் இல்லை. இறந்த தோழனைப் பற்றிய குற்றவுணர்வும், கட்டளையிட்டவர் மீதுள்ள சினமும் இருக்கின்றன.

அப்போரிலே றோய் கிறிங்கர், ஜோன் ஸ்பீகல் என்போர் வட ஆபிரிக்காவில் பென்ரதோல் மருந்தைச் செலுத்தி, அரை மயக்கத்தில் வீரரை நடந்தவற்றைக் கூறி அழவும் கதறவும் செய்தனர். ஜோன் ஹியூஸ்ரன் என்னும் திரைப்பட நெறியாளர் 1946ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைக்காக எடுத்த படமொன்றிலே, மருத்துவமனையில் வீரர் அழுவதும் பேசுவதும் நேரிற் காட்டப்பட்டன. அப்படத்தைப் படைத்துறையினரே முப்பதாண்டுகளுக்கு மேலாகப் பொதுமக்கள் பாராதவாறு தடுத்து வைத்தனர். வென்ற நாட்டின் வீரன் அழுதலைக் காட்டுதல் தகாது என எண்ணினார் போலும்! மூன்றாவது வினா மறக்கப்பட்டது என்று மேலே கூறியதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதற்கிடையில் நோவைப் பற்றிய அறிவு வேறொரு வழியாலும் வளர்ந்தது. போர்க்காலத்தில் வாஷிங்ரன் மாநிலத்துப் படை மருத்துவமனையிலே காயமுற்றோரின் நோவைத் தணிக்கும் பொறுப்பை ஏற்ற ஜோன் பொனிக்கா, தாமும் மற்போர் வீரராயிருந்து உடல்நோவோடு வாழ்ந்தவர். அவர் 1953ஆம் ஆண்டில் நோவுச் சிகிச்சை பற்றிப் பெருநூல் எழுதினார். 1973ஆம் ஆண்டில் அவர் கூட்டிய மாநாட்டிலிருந்து சர்வதேச நோவாராய்ச்சிச் சங்கம் உருவாயிற்று. 1965ஆம் ஆண்டில் மெல்சாக், வால் என்னும் இருவர் வகுத்த வாயிற் கொள்கை, முள்ளந்தண்டு நாணிலே நோவுச் செய்திக்கு ஒரு வாயில் உண்டு, மூளையிலிருந்து இறங்கும் கட்டளை அதனைத் திறக்கவும் மூடவும் வல்லது என்று கூறிற்று. மனத்துக்கும் நோவுக்கும் இடையே வெறும் உவமையன்றி நரம்பு வழியே தொடர்புண்டு என்று காட்டியமை இதன் சிறப்பு. 1979ஆம் ஆண்டில் அச்சங்கம் நோவு என்பதற்கு வகுத்த இலக்கணத்திலே, அது புலனுணர்வும் மனவெழுச்சியும் சேர்ந்த அனுபவம் என்று எழுதப்பட்டது. பாசாங்கு என்னும் பழைய குற்றச்சாட்டின் அடித்தளம் இவ்வொரு வாக்கியத்தால் ஆட்டங்கண்டது எனலாம்.

வியற்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் மருத்துவரை எதிர்பார்த்திராது, 1970ஆம் ஆண்டின் இறுதியில் நியூயோர்க்கிலே தாமாகவே கூடிப் பேசத் தொடங்கினர். றொபேட் லிவ்ரன், கையிம் ஷாற்றன் என்னும் உளமருத்துவர்கள் அவர்களோடு அமர்ந்து செவிமடுத்தனர். அழுவதற்கு இடமும் நேரமும் கிடையாத போரிலே இறுகி அடைபட்டுப்போன துக்கமே இவர்களுடைய நோய்க்கு வேர் என்று ஷாற்றன் எழுதினார். இம்முயற்சிகளின் பயனாக 1980ஆம் ஆண்டில் "நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்" அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இடம்பெற்றது.

பெரிய வெற்றியே. ஆயின் அதிலே ஒரு குறையும் விளைந்தது. கொடுங்கனவு உளமருத்துவரின் அறைக்குச் சென்றது. முதுகுநோவு வேறொரு மருத்துவரின் அறைக்குச் சென்றது. ஒரே வீரனுடைய ஒரே துன்பம் இரண்டு கோவைகளாகப் பிரிக்கப்பட்டது. நோவுக் கோவையைக் கையாண்டோர் ஒருபால் அறிகை நடத்தைச் சிகிச்சையை அளித்தனர். நோவைப் பற்றிய எண்ணங்களைத் திருத்தி, நோவோடு இயன்றவரை நல்வாழ்வு நடத்தப் பயிற்றுவது அது, பலர்க்குப் பயன்பட்டது, ஆனால் நோவை நீக்குவதாக அது வாக்களிக்கவில்லை. மற்றொருபால் மருந்து பெருகிற்று. 1999ஆம் ஆண்டில் அமெரிக்க முன்னாட் படைவீரர் திணைக்களம், உடல்வெப்பம், நாடி, மூச்சு, குருதியமுக்கம் ஆகியவற்றோடு நோவையும் ஐந்தாவது உயிர்க்குறியாக அளக்கும்படி பணித்தது. நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட ஏற்பாடே. ஆனால் எண்ணால் அளந்த நோவை எண்ணாற் குறைத்தற்கு அபின்வழி மருந்துகளே எளிய வழியாயின. மருந்தடிமையும் மிகைமருந்தால் நேர்ந்த சாவுகளும் பெருகிய பின், 2013ஆம் ஆண்டில் அத்திணைக்களமே அம்மருந்துகளைக் கட்டுப்படுத்தும் திட்டத்தைத் தொடங்கிற்று. மருந்து குறைந்தது, நோவு இருந்தது. மிச்செலின் காலத்து மோபியா ஊசியின் கதை மீண்டும் நடந்தது எனலாம்.

மூன்றாவது வினாவை நோவுக் கோவைக்குள்ளே மறுபடியும் கொண்டுவந்தவருள் ஜோன் சாணோ குறிப்பிடத்தக்கவர். இவர் பணியாற்றிய நியூயோர்க் றஸ்க் நிலையத்தை நிறுவிய ஹவாட் றஸ்க், இரண்டாம் உலகப்போரிற் காயமுற்ற விமானப்படையினர்க்குப் புனர்வாழ்வளித்தவர். நாட்பட்ட முதுகுநோவிற் பெரும்பகுதி அமுக்கப்பட்ட சினத்தின் விளைவு என்று சாணோ 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் பெருந்தொகையாக விற்பனையாயிற்று. மருத்துவவுலகம் அதனை ஏளனஞ் செய்தது. ஏளனத்துக்கு இடமும் இருந்தது. தம் கொள்கையைக் கட்டுப்பாடான சோதனைகளால் நிறுவ அவர் முயலவில்லை. எல்லா நோவையும் ஒரே சாவியாற் பூட்டவும் திறக்கவும் துணிந்தார்.

அச்சோதனைகளைச் செய்தவர்கள் டெற்றோயிற் நகரத்து வெயின் மாநிலப் பல்கலைக்கழக உளவியலறிஞர் மார்க் லம்லியும், மருத்துவர் ஹவாட் ஷூபினரும் ஆவர். அவர்கள் வகுத்த முறை "மனவெழுச்சியை உணர்ந்து வெளிப்படுத்தும் சிகிச்சை" எனப்படும். முதலில் உடற்பரிசோதனையால் புற்று, முறிவு, தொற்று முதலியன இல்லையென உறுதிசெய்யப்படும். அதன்பின் நோவு தொடங்கிய காலமும் மிகுந்த காலங்களும் நோயாளியின் வாழ்க்கை நிகழ்ச்சிகளோடு பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கப்படும். நோவு மெய்யே, அஃது ஆபத்தை அறிவிக்க மூளை அடிக்கும் மணி, ஆபத்து நீங்கிய பின்னும் அம்மணி ஓயாது அடிக்கின்றது என்று விளக்கப்படும். பின்னரே சிகிச்சையின் உயிர்ப்பகுதி தொடங்கும். நோயாளி தன்னை வருத்திய ஒருவரை, அல்லது தான் இழந்த ஒருவரை, எதிரே இருப்பவராகப் பாவித்து நேரே பேசுகின்றான். சினமாயின் உரத்த குரலோடும் இறுகிய கையோடும் அது வெளிவருகின்றது. சினத்தின் கீழே துக்கமும், அதன் கீழே குற்றவுணர்வும், எல்லாவற்றுக்கும் அடியில் அன்பும் கிடத்தல் பெரும்பான்மை. பேசும்போது உடலில் நோவு எவ்வாறு ஏறுகின்றது, இறங்குகின்றது என்பதை நோயாளியே கவனிக்கின்றான். பின்னர் வீட்டாரோடும் நண்பரோடும் மெய்யாகவே பேசப் பழக்கப்படுகின்றான்.

இம்முறைக்கும் கிறிங்கர் காலத்து மருந்து மயக்கக் கதறலுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. அங்கே வீரன் தான் சொன்னதைத் தானே அறியாதிருத்தலும் உண்டு. இங்கே அவன் விழிப்போடு இருந்து, தான் உணர்வதற்குத் தானே பெயரிடுகின்றான். றிவர்சின் அறையிலே நடந்தது இதுவே.

2017ஆம் ஆண்டில் வெளியான சோதனையொன்று, பைப்ரோமயல்ஜியா என்னும் உடல் பரந்த தசைநோவுடையோர் 230 பேரை ஆராய்ந்தது. நோவின் சராசரி அளவில் இச்சிகிச்சைக்கும் அறிகை நடத்தைச் சிகிச்சைக்கும் பெரிய வேறுபாடில்லை. ஆனால் நோவு பாதியாகக் குறைந்தோர் தொகை இதிலேயே மிகுதி. அதன்பின் லொஸ் ஏஞ்சலிஸ் முன்னாட் படைவீரர் மருத்துவமனையின் உளமருத்துவர் பிரண்டன் யார்ன்ஸ் இதனை முதிய வீரர்களிடம் கையாண்டார். 53 பேரைக்கொண்ட சிறு சோதனை 2020ஆம் ஆண்டிலும், 126 பேரைக்கொண்ட பெருஞ்சோதனை 2024ஆம் ஆண்டிலும் வெளியாயின. பின்னையதிற் கலந்துகொண்டோர் 60 முதல் 95 வரை வயதுடையோர். மூன்றிலொரு பங்கினர் அளவில் மனவடு நோயுடையோர். ஒரு தனியமர்வும் எட்டுக் குழுவமர்வுகளும், ஒவ்வொன்றும் ஒன்றரை மணிநேரம், இரு சாரார்க்கும் சமமாக அளிக்கப்பட்டன. நோவு நூற்றுக்கு 30 பங்கேனும் குறைந்தோர், மனவெழுச்சிச் சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 63 பேர். அறிகை நடத்தைச் சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 17 பேர். ஆறு மாதங்களின் பின் அத்தொகை முறையே 41 ஆகவும் 14 ஆகவும் நின்றது. ஏக்கமும் சோர்வும் மனவடுவும் மிகுந்தோர்க்கே இச்சிகிச்சையில் நோவு மிகுதியாகக் குறைந்தது என்பது, இரு கோவைகளும் உண்மையில் ஒரு கோவையே என்பதை வலியுறுத்துகின்றது.

63 என்பது ஆறு திங்களில் 41 ஆனமையை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. இச்சோதனை ஒரு நகரத்து மருத்துவமனைகளில், பெரும்பாலும் ஆண்களிடையே, நடத்தப்பட்டது. இதனைப் பழுதறக் கையாளப் பயின்றோரும் சிலரே. தேய்ந்த மூட்டும் நசுங்கிய நரம்பும் உடையோர்க்குச் சத்திரசிகிச்சையின் தேவை இதனாற் போய்விடாது. மிச்செல் கண்ட எரிநோவு நரம்புக் காயத்தில் விளைந்தது. அதனை வெறும் பேச்சாற் போக்கலாம் என எவரும் கருதுவாராயின், அவர் பழைய பிழையைத் தலைகீழாகச் செய்பவராவர்.

இன்னொரு தடையும் உண்டு. அது வீரரிடமிருந்தே வருவது. நோவை உளமருத்துவர் பார்ப்பார் என்றவுடன், "என்னைப் பொய்யன் என்கிறீர்களா?" என்று அவர்கள் எழுந்து போவதுண்டு. ஈதர் மயக்கமும் பூட்டிய கதவும் மின்னோட்டமும் நிகழ்ந்த வரலாற்றை அறிந்தோர்க்கு இவ்வெதிர்ப்பு வியப்பளியாது. ஆதலினாலேயே நோவு மெய்யென்பதை முதலமர்விலேயே, வேறெதற்கும் முன்னர், தெளிவாகச் சொல்லுதல் இச்சிகிச்சையின் விதியாயிற்று. குழுவமர்வுகளிலே அதனை மருத்துவர் சொல்வதினும், அருகே அமர்ந்திருக்கும் மற்றொரு முதிய வீரர் சொல்லும்போது அவர்கள் எளிதில் ஏற்கின்றனர்.